ஒரு பல் இல்லாத பெட்டி

அத்தியாயம் பன்னிரண்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் ரோசலி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன ஒரே ஒரு பேச்சு, இந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும் நூமாவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

"இது அப்பா குரல் இல்லடா. அமி சித்தப்பா."

சொன்னாள், எழுந்தாள், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கென்றே நூமாவின் மனைவி பிளான்ஷ் சுட்டு வைத்த பிளம் பழப் பலகாரத்தைத் தொடக்கூட இல்லை. எழுபது வயதுத் தம்பியும் எழுபத்தெட்டு வயது அக்காவும் ஒரே தெருவின் இரண்டு முனையில் இருந்துகொண்டு ஒரு வாரமாக முகம் பார்க்கவில்லை.

பரணைச் சுத்தம் செய்யும்போது பிளான்ஷ் கையில் அகப்பட்ட போனோகிராப்பால் வந்த வினை. தட்டு சுழலும் கிராமபோனுக்கு முந்தின வகை அது. தட்டுக்குப் பதில் ஒரு மெழுகு உருளை. ஊசி அதன்மேல் ஊர்ந்தால் குழல் வழியாகப் பேசும். கூடவே ஓர் அட்டை டப்பாவில், பஞ்சு சுற்றி, ஒரே ஓர் உருளை இருந்தது. கடையில் வாங்கிய பாட்டு உருளை இல்லை. வீட்டில் யாரோ குழலுக்கு எதிரில் நின்று பேசிப் பதிந்தது.

பழைய சாமான் வாங்க ஜெனீவாவிலிருந்து காரில் வருகிற ஆசாமி ஒருவன் அன்றைக்கே மோப்பம் பிடித்து வந்தான். நூமா கதவைப் பாதி திறந்து, முழுதாகச் சாத்தினார். இரண்டு மாதம் தானே உட்கார்ந்து இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்தார்.

ஸ்பிரிங் இருக்கும் டப்பாவைத் திறந்தால் கிரீஸ் தாராகி இறுகிக் கிடந்தது. கை தவறினால் விரலைச் சீவிக்கொண்டு போகிற ஸ்பிரிங். கனத்த துணியைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவிழவிட்டு, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். தேய்ந்துபோன அச்சு முனைகளைக் கடைந்து புதிதாக வைத்தார். பழைய செருப்பிலிருந்து தோல் பட்டை வெட்டினார். ஊசித் தலைக்குள் கல்லாகிப்போன ரப்பருக்குப் பதில் சைக்கிள் டியூபில் வளையம் போட்டார்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மட்டும் அவருக்குச் சொந்த வீடு மாதிரி. மெல்லிய எஃகுத் தகடுகளில் மூன்று ஈயக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், தகடு ஒரு தோல் துண்டில் உரசும், வேகம் அடங்கும். கிராமபோன் தொழிற்சாலையில் தலை நரைக்கிற வரை கவர்னர் பகுதியிலேயே கிடந்தவர். பள்ளிக்கூடத்தில் கற்றதெல்லாம் மறந்துபோனாலும், சேர்ந்த அன்று பெரிய ஆட்கள் சொன்னது மறக்கவில்லை. உருளை என்றால் நிமிஷத்துக்கு நூற்றறுபது சுற்று. தட்டு என்றால் எழுபத்தெட்டு. நூற்றறுபதில் நிற்கும்படி வேகத் திருகைப் பூட்டினார். ஒரு சுற்றுக்கூடத் தவறாது.

உருளை பேசிற்று. கரகரப்புக்கு நடுவில் ஒரு ஆண் குரல், கொஞ்சம் கீச்சென்று.

"பையனாப் பொறந்தா நூமான்னு வைக்கணும். எங்கப்பன் பேரு. பொண்ணாப் பொறந்தா உன் இஷ்டம்."

நூமாவின் அப்பா குளோவிஸ் ஜனவரியில் காய்ச்சலில் போனார். நூமா பிறந்தது மே மாதம். அப்பா முகத்தையும் அவர் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. மாடி அறையில் குடியிருந்த அமி சித்தப்பாதான் பிறகு அந்தக் குடும்பத்தைச் சுமந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் சும்மா இருக்குமா? பள்ளிக்கூட வாசலில் "சித்தப்பன் மவனே" என்று கூப்பிட்ட ஒருத்தனின் முன்பல்லை நூமா எட்டு வயதிலேயே பெயர்த்தார். பல் பெயர்ந்தது, பேச்சு பெயரவில்லை.

குளோவிஸ் குரல் காதில் மிச்சமிருக்கிற ஒரே ஆள் ரோசலி. அப்பா போகும்போது அவளுக்கு ஏழு வயது. அதோடு அவள் சாதாரணக் காதுக்காரி இல்லை. இசைப்பெட்டிப் பட்டறையில், பல்லுக்கு ஒரு ஸ்வரம் ஒலிக்கும் எஃகுச் சீப்புக்குச் சுதி சேர்த்தவள். மயிரிழை பிசகினாலும் சீப்பைத் திருப்பி அனுப்புவாள் என்று பேர் வாங்கியவள். அவள் வாயிலிருந்துதான் வந்தது: அமி சித்தப்பா. சித்தப்பா குரலும் மெல்லிசுதான்; அந்தக் கரகரப்பில் நூமாவால் அடித்து மறுக்க முடியவில்லை.

பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பேர் வைக்க அமி சித்தப்பா யார்? அண்ணன் பெண்டாட்டியிடம் "உன் இஷ்டம்" என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை? யோசிக்க யோசிக்க நூமாவுக்கு ஒரே இடத்தில்தான் போய் முட்டியது.

இவ்வளவுதான் இதுவரை.

சனிக்கிழமை காலை பனி விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேட்டுக் காடு வெள்ளையாக நின்றது. நூமா அடுப்படி மேஜையில் போனோகிராப்பின் மூடியைத் திறந்துபோட்டு, கவர்னரை முறைத்துக்கொண்டிருந்தார். எதிரில் பிளான்ஷ் லீக் வெங்காயத் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதுவா பேசப் போவுது? அக்காகிட்டப் போய்ப் பேசுங்க" என்றாள்.

"அவ பொய் சொல்றா."

"எதுக்குச் சொல்லணும்?"

"அம்மா செத்தப்ப இசைப்பெட்டிய யாரு தூக்கிட்டுப் போனா?"

"அது நடந்து முப்பது வருஷமாச்சு. அப்ப பெட்டி, இப்ப அப்பனையுமா தூக்கிட்டுப் போறாங்க?" என்றாள் பிளான்ஷ். பேச்சில் அவளை ஜெயித்தவர் அந்தத் தெருவில் இல்லை.

நூமா உருளையை ஏற்றி ஊசியை வைத்தார். அடிக்கடி ஓட்டக் கூடாது, பூஞ்சைக் காளான் பிடித்த மெழுகு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செத்துப்போகும். தெரிந்துதான் வைத்தார்.

பிளான்ஷ் கத்தியை நிறுத்தினாள். பேச்சு தொடங்குமுன் ஒரு டிங்டிங் வருகிறதே, அது என்ன, ஆட்டு மணியா என்று கேட்டாள். நூமா அதை இதுவரை கரகரப்பாகத்தான் எண்ணியிருந்தார். குழலுக்குள் தலையைக் கொடுத்துக் கேட்டார். ஊசியைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

ஒரு பழைய நடனப் பாட்டு. மூன்றாவது அடியில் ஓர் ஓட்டை. ஒரு ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு பாட்டு தொடர்ந்தது.

நூமா நாற்காலியில் சாய்ந்தார். அந்த ஓட்டை அவருக்குத் தெரியும். அவர் பிறப்பதற்கு முன்னாலேயே ரோசலி பின்னல் ஊசியை விட்டு நோண்டி, வீட்டு இசைப்பெட்டியின் சீப்பில் ஒரு பல்லை உடைத்தாள். சின்ன வயதில் அந்தப் பெட்டியைக் கேட்டே தூங்கியவர் அவர். பாட்டு அந்த இடத்தில் நொண்டும். பாட்டே அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பெட்டிடி" என்றார். "ஆனா நாய் துரத்துற மாதிரி ஓடுது."

பெட்டிக்குச் சாவி முழுக்க முறுக்கியிருந்தால் அப்படி ஓடும்தானே என்றாள் பிளான்ஷ். சரிதான். முறுக்கினால் ஓடும், முறுக்குத் தளர்ந்தால் நடக்கும். பெட்டியின் ஓட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் பல் வேறு விஷயம். எஃகுப் பல் வேகமாக மீட்டினாலும் அதே சுதி, மெதுவாக மீட்டினாலும் அதே சுதி. எழுபது வருஷமானாலும் அதே சுதி. உருளையில் இருக்கிற பெட்டியின் சுதியும் நிஜப் பெட்டியின் சுதியும் ஒன்றானால் உருளை சரியான வேகத்தில் ஓடுகிறது. இல்லையென்றால்?

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நூற்றறுபது என்பது கம்பெனி உருளைக்கு. வீட்டில் பதிகிறவன் எதற்கு அந்தக் கணக்கைப் பார்க்கப் போகிறான்? வெற்று உருளை விலை அதிகம். ஒரே உருளையில் நிறையப் பேச்சு பிடிக்கட்டும் என்று திருகைத் தளர்த்தி மெதுவாக ஓடவிட்டிருப்பான். மெதுவாகப் பதிந்ததை வேகமாக ஓட்டினால் எந்த ஆம்பளைக் குரலும் கீச்சென்றுதான் வரும். ஒரு சுற்றுக்கூடத் தவறாத கவர்னர், தவறான வேகத்தில் ஒரு சுற்றுக்கூடத் தவறாமல் ஓடியிருக்கிறது.

ஆனால் நூமாவுக்குச் சுதி தெரியாது. தேவாலயத்தில் அவர் பாட வாயெடுத்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். திருகைத் திருப்ப அவரால் முடியும். எங்கே நிறுத்துவது என்று சொல்லத் தெரிந்தவள் தெருவின் மேல் முனையில் இருக்கிறாள். பெட்டியும் அங்கேதான் இருக்கிறது.

"கோட்டை எடு" என்றார்.

போனோகிராப்பைக் கம்பளியில் சுற்றி, பிள்ளைகள் விளையாடின பழைய பனிச்சறுக்கு வண்டியில் கட்டினார்கள். உருளையை மட்டும் அவர் வண்டியில் வைக்கவில்லை. டப்பாவைக் கம்பளிச் சட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிளான்ஷ் இழுத்தாள். ரொட்டிக்கடை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவன், என்ன பெரியவரே, வீட்டம்மாவைக் குதிரையாக்கிட்டீங்களா என்றான். குதிரை பேசாது என்று நூமா சொன்னார். பேசும், கடிக்கவும் செய்யும் என்றாள் பிளான்ஷ்.

கதவைத் தட்ட அவர் கையைத் தூக்குமுன் கதவு திறந்தது.

"ரொட்டிக்கடை கிட்ட வரும்போதே வண்டிச் சத்தம் கேட்டுச்சு" என்றாள் ரோசலி. "வலது பக்கத் தகடு வளைஞ்சிருக்கு. கிறீச்சுங்குது." பிறகுதான் கம்பளிக்குள் இருப்பது என்னவென்று பார்த்தாள். முகம் இறுகியது. "அத இங்க கொண்டு வராத."

நூமா கொண்டு வந்துவிட்டார்.

உருளை உடனே ஏற்றுகிற சாமான் இல்லை. குளிரில் வந்த மெழுகை அப்படியே மாட்டினால் விண்ணென்று பிளந்துவிடும். அறைச் சூடு அதில் ஏறுகிற வரை காத்திருக்க வேண்டும். அடுப்புக்கு எட்ட, அலமாரிமேல் டப்பாவை வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ரோசலி ஆளுக்கொரு சின்ன கிளாஸில் காட்டுக் கிழங்குச் சாராயம் ஊற்றினாள். கோபமாக இருந்தாலும் வந்தவர்களுக்கு அதை ஊற்றாமல் இருக்கிற வழக்கம் அந்த மலையில் இல்லை.

நூமா விஷயத்தைச் சொன்னார். நூற்றறுபதைச் சொன்னார், பல் இல்லாத இடத்தைச் சொன்னார். பெட்டியைத் திற என்றார்.

ரோசலி பெட்டி பழசு என்றாள். கிரீஸ் காய்ந்திருக்கும் என்றாள். இந்தக் குளிரில் மீட்டினால் இன்னொரு பல் போய்விடும் என்றாள். அவள் இத்தனை சாக்கு அடுக்கி நூமா பார்த்ததில்லை.

"முழுசா ஓட்ட வேணாம். ஒரு பல்லை நகத்தால மீட்டு, போதும். ஓட்டைக்குப் பக்கத்துப் பல்."

"எதுக்குடா இதெல்லாம்? உன்னைப் பெத்தவன், வளத்தவன், எல்லாரும் மண்ணுக்குள்ள. ரெண்டு பேரும் நல்லவங்கதான்."

"நல்லவங்களான்னு நான் கேக்கல. எவன்னு கேக்கறேன்."

ரோசலி தன் கிளாஸை மேஜைமேல் நகர்த்தினாள்.

"ஒரு சீப்பு மயிரிழை தப்பினாலே திருப்பி அனுப்புவியாம்" என்றார் நூமா. "ஞாயித்துக்கிழமை நம்ம பெட்டி உன் காதுக்கு நேரா வேற சுதியில பாடியிருக்கு. அது எப்படி உனக்குக் கேக்காமப் போச்சு?"

"குரலைக் கேட்டேன். பெட்டியக் கேக்கல" என்றாள் ரோசலி, கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

பிளான்ஷ்தான் எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து இசைப்பெட்டியை இடுப்பில் தாங்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "அண்ணி, இவரு ஒரு வாரமாத் தூங்கல. இவரு தூங்கலன்னா நானும் தூங்கல. எனக்காகவாவது மீட்டுங்க."

ரோசலி மூடியைத் திறந்தாள். பளபளக்கும் சீப்பு, நடுவில் ஒரு பல் இல்லாத சந்து. அந்தச் சந்தை அவள் விரல் முதலில் தடவிற்று. பிறகு பக்கத்துப் பல்லை நகத்தால் மீட்டினாள். சின்னச் சத்தம், ஆனால் சுத்தம்.

நூமா உருளையை ஏற்றினார். ஊசியை வைத்தார். உருளையிலிருந்து பெட்டி பாடிற்று. ரோசலி கட்டை விரலைக் கீழே காட்டினாள். ஊசியைத் தூக்கினார், திருகைத் தளர்த்தினார், மறுபடி வைத்தார். அவள் பல்லை மீட்டினாள், கீழே காட்டினாள். மறுபடி. இன்னும் கீழே. மெழுகு தேய்கிறதே என்று நூமாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இதற்கு மேல் இறங்கினால் மோட்டாரே நின்றுவிடும் என்று தோன்றிய இடத்தில் ரோசலியின் கை விரிந்தது. நிறுத்து.

உருளைக்குள் இருந்த பெட்டியும் மேஜைமேல் இருந்த பெட்டியும் ஒரே சுதியில் பாடின. சுதி தெரியாத நூமாவுக்கே தெரிந்தது. ஓட்டைகூட இப்போதுதான் சரியான இடத்தில் நொண்டியது.

இந்தத் தடவை அவர் ஊசியைத் தூக்கவில்லை.

"பையனாப் பொறந்தா..."

கீச்சுக் குரல் எங்கே போயிற்றோ. அடித்தொண்டையிலிருந்து, சாவகாசமாக, மரம் அறுக்கிற ஆள் பேசுகிற மாதிரி ஒரு குரல் அறைக்குள் வந்தது. ரோசலி உள்ளங்கையை மேஜைமேல் பரப்பி வைத்தாள், மேஜை அதிர்கிறதா என்று பார்க்கிற பிள்ளை மாதிரி.

"...நூமான்னு வைக்கணும். எங்கப்பன் பேரு."

நூமா திருகிலிருந்து விரலை எடுக்க மறந்துபோனார். அவர் பேரை எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலைக்குத் துரத்தினவன், கடனுக்குக் கத்தினவன், பாதிரியார், பெண்டாட்டி. இந்தக் குரல் கூப்பிட்டதில்லை. பிறக்கிறதுக்கு முன்னாலேயே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு இத்தனை வருஷம் பரணில் படுத்திருந்திருக்கிறது.

"அப்பா" என்றாள் ரோசலி. தம்பியைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "அப்பாதான்டா. தூக்கிட்டு நடக்கும்போது பேசுவாரு. நெஞ்சுல காது வச்சிருப்பேன். இதேதான்."

பிளான்ஷ் முந்தானை மாதிரி ஏப்ரனை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நூமா கைக்குட்டையைத் தேடினார். கிடைத்தது கிரீஸ் துணி. அதிலேயே மூக்கைச் சிந்தினார்.

உருளை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "பொண்ணாப் பொறந்தா உன் இஷ்டம்" வந்தது. அதற்குப் பிறகு, நூற்றறுபதில் ஓடினபோது ஓர் எலிக்குஞ்சுக் கத்தல் வரும். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குட்டி ரோசலி என்றுதான் நூமா வைத்திருந்தார். இப்போது அந்தக் கத்தலும் இறங்கிப் பேச்சாகிற்று. பிள்ளைக் குரல் இல்லை. மெல்லிய, மூக்கால் பேசுகிற ஆண் குரல். வீட்டில் பதினெட்டு வயது வரை நூமா தினமும் கேட்ட குரல். அமி சித்தப்பாவும் அந்த அறையில்தான் நின்றிருக்கிறார்.

"இன்னொண்ணு இருக்கே, அதையும் சொல்லு குளோவிஸ்" என்றது அது. "வாக்குக் குடுத்திருக்க."

ஒரு பெருமூச்சு. நாற்காலி நகர்கிற சத்தம். ஆழமான குரல் "சரி" என்றது. அதோடு ஊசி காளான் பிடித்த இடத்துக்குள் போய், மழை மாதிரி இரைச்சல் ஆகிவிட்டது.

நூமா ஊசியைத் தூக்கினார்.

"என்ன வாக்குக்கா?"

ரோசலி இசைப்பெட்டியின் மூடியைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். எழுந்து அடுப்பண்டை போனாள். சூப்பைக் கிளறினாள், கிளறத் தேவையே இல்லாத சூப்பை.

"எந்த வாக்கு?" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. "எனக்கு அப்பா பேசினதுதான் கேட்டுச்சு. அப்புறம் ஒரே இரைச்சல். வயசாச்சுல்ல, காது மந்தம்."

பிளான்ஷ் நூமாவைப் பார்த்தாள். நூமா வாசல் பக்கம் பார்த்தார். ரொட்டிக்கடையிலிருந்து சறுக்கு வண்டியின் வளைந்த தகட்டைக் கேட்ட காது. ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பெட்டி கேட்கவில்லை. இன்றைக்குச் சித்தப்பா கேட்கவில்லை.

யாருடைய பிள்ளை என்று ஒரு வாரம் அரித்த அரிப்பு நின்றுவிட்டது. அந்த இடத்தில் இப்போது வேறொன்று உட்கார்ந்திருந்தது. அக்கா அப்பாவை மறைக்கவில்லை, அப்பாவுக்கு அடுத்த வரியை மறைத்திருக்கிறாள். அப்பா குரல் இல்லையென்றால் தம்பி உருளையைத் தூக்கிப்போட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அதற்காக அம்மாவின் பேர் கெட்டாலும் கெடட்டும் என்று துணிந்திருக்கிறாள். அப்படியென்றால் அந்த வரி சின்ன வரி இல்லை.

வெறும் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. நூமா மோட்டாரை நிறுத்தினார். உருளையைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தார். ஆனால் டப்பாவைக் கையில் எடுக்கவில்லை. கோட்டைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார்.

"சூப்பை ஊத்துக்கா" என்றார். "நான் இன்னிக்கு இங்கதான்."